நட்சத்திரக் குறியும் நெளிகோடும்

இன்று ஒரு சின்னப் பாடம். இந்த முறை மாணவி நான்.

பழைய மாணவர் சந்திப்புக்காக என்னிடம் படித்தவர்களின் பட்டியலை மகளின் லேப்டாப்பில் எக்செல்லில் தட்டிக்கொண்டிருந்தேன். 212 பெயர்கள். நம்மை விட்டுப் போனவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்தேன். மொத்தம் ஏழு பேர். சந்திப்பன்று அவர்களுக்கு விளக்கேற்ற வேண்டும் என்பது என் ஆசை.

நேற்று ராத்திரி அந்த ஏழு பெயரையும் தனியாக எடுக்க நினைத்தேன். பெயர்கள் இருந்த வரிசையைத் தேர்வு செய்து, கன்ட்ரோல் எஃப் அழுத்தி, நட்சத்திரத்தைப் போட்டுத் தேடினேன். 212 பெயரும் வந்து நின்றன! தப்பு என்னுடையதுதான் என்று தெரியும். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளையும் அந்தப் பட்டியலில் பார்த்ததும் நெஞ்சு ஒரு நிமிஷம் படபடத்துவிட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். ஐந்தாம் வகுப்பில் கேள்வி கேட்டே என்னைத் துளைத்தவன். சிரித்துக்கொண்டே சொன்னான்:

"டீச்சர், எக்செல்லுக்கு அது வெறும் குறி இல்லை, கட்டளை. நட்சத்திரம்னா 'எது இருந்தாலும் சரி'. கேள்விக்குறின்னா 'ஏதோ ஒரு எழுத்து'. குறியையே தேடணும்னா முன்னால ஒரு நெளிகோடு போடுங்க. எஸ்கேப் பட்டனுக்குக் கீழே இருக்கும், ஷிஃப்டோட அழுத்துங்க."

~* என்று போட்டேன். ஏழே பேர் வந்தார்கள்.

இதற்கு 'எஸ்கேப்' செய்வது என்று பெயராம். கேள்விக்குறியைத் தேட ~? என்றும், நெளிகோட்டையே தேட ~~ என்றும் போட வேண்டுமாம். சில தேடல் மென்பொருள்களில் நெளிகோட்டுக்குப் பதிலாகப் பின்சாய்வுக் கோடு போடுவார்களாம். "நல்லவேளை டீச்சர், 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தலை. அழுத்தியிருந்தா மொத்தப் பேரும் அழிஞ்சிருக்கும்" என்றான். அப்படி ஆனால் உடனே கன்ட்ரோல் இசட் அழுத்த வேண்டும். என் வயதுக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூகுளிலும் இப்படி ஒன்று உண்டு. 'முருங்கைக்கீரை -சூப்' என்று மைனஸ் குறியைச் சொல்லோடு ஒட்டிப் போட்டால், சூப் என்ற சொல் உள்ள பக்கங்களை ஒதுக்கிவிடும். கோடுதானே என்று நாம் போடுவோம்; அது 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளும். ஒரு தொடர் அப்படியே வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

நிறுத்தக்குறியை ஒழுங்காகப் போடு என்று உங்கள் காதைத் திருகிய டீச்சருக்கு, ஒரு குறி என்ன செய்யும் என்பதை என் மாணவனே சொல்லிக்கொடுத்துவிட்டான். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அந்த ஏழு பேருக்கும் விளக்கேற்றுவோம். நட்சத்திரம் இல்லாத 205 பேரும் கட்டாயம் வந்து சேருங்கள். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கீழே எழுதுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்