முட்டைக்குத் தடவும் வாஸ்லின்

லங்காவித் தீவின் படகுத்துறையில் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டபோது அக்கா கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டியா?" அடுத்ததாகச் சொன்னது கழிவறையைப் பற்றி. கைப்பம்பை இருபது முறை அடிக்க வேண்டும், காகிதம் போடக் கூடாது, வால்வை மூட மறந்தால் கடல் உள்ளே வரும். கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு நான்கு நாள் தங்கலாமென்று வந்திருந்தேன். 38 அடி பாய்மரப் படகு. எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையைவிடச் சிறியது.

அக்கா என் தாத்தாவுடைய தம்பியின் பேத்தி. அந்தத் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். பாட்டியும் கூடவே போனாள், மேல்தளத்தில், கைக்குழந்தையோடு. கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துப்போகும் வழக்கமில்லை என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். வருடந்தோறும் முதுகலை வகுப்பில் அந்த நூற்பாவை நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் இலக்கணத்துக்குத் தெரியாமல் கப்பலேறிய அந்தப் பாட்டி நினைவுக்கு வருவாள்.

அக்கா முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். ஓய்வுபெற்றதும் ஈப்போ வீட்டை விற்றுப் படகு வாங்கினார்கள். வீட்டுக் கடனை அடைத்தது அக்காவின் சம்பளம். படகு அத்தான் பெயரில் பதிவாகியிருக்கிறது. மூன்று வருடமாகப் படகிலேயே குடியிருந்து உலகம் சுற்றத் தயாராகிறார்கள். வடகிழக்குப் பருவக்காற்று நிலைத்து வீசும் ஜனவரி, பிப்ரவரியில் இங்கிருந்து மேற்கே இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் படகுகள் கிளம்பும். இரண்டு பருவங்கள் இவர்கள் கிளம்பாமலேயே கடந்துவிட்டன.

படகுவாசிகளின் பேச்சில் வேலைகளுக்கு நிறம் உண்டு. எஞ்சின், பாய், நங்கூரம், வரைபடம், ரேடியோ எல்லாம் நீல வேலை. சமையல், துணி, மளிகை இளஞ்சிவப்பு வேலை. கேலியாகத்தான் சொல்கிறார்கள். கேலி செய்து செய்தும் பட்டியல் மாறவில்லை.

இளஞ்சிவப்பு வேலையை நான் நான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குளிர்பெட்டியில் வைக்காத, கழுவாத முட்டையாகத் தேடி வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வாஸ்லின் தடவ வேண்டும், ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டால் பல வாரம் கெடாது. சில நாளுக்கு ஒருமுறை திருப்பிவைக்க வேண்டும். தகர டப்பாக்களின் காகிதத்தை உரித்துவிட்டு அழியாத மையில் பெயர் எழுத வேண்டும். ஈரத்தில் கழன்ற காகிதம் அடித்தளத்துப் பம்பை அடைத்துவிட்டால், தண்ணீர் ஏறும் நேரத்தில் பம்பு ஓடாது. அட்டைப்பெட்டி எதுவும் படகுக்குள் வரக் கூடாது, மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். பாத்திரத்தை முதலில் கடல்நீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். எந்தப் பலகைக்கு அடியில் எத்தனை கிலோ அரிசி, எந்த இடுக்கில் எத்தனை மருந்து என்று ஒரு தடித்த நோட்டில் எழுதியிருந்தாள். ஆய்வேட்டுக்கு நான் எழுதிய குறிப்பட்டைகள்கூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

பக்கத்துப் படகுக்காரர்கள் வந்தால் அத்தான் கணக்குச் சொல்வார். எஞ்சின் முடிந்தது, மரக்கம்பிகள் மாற்றியாயிற்று, எண்பது சதவீதம் தயார். அந்த எண்பதில் முட்டை இல்லை.

"படகு ஏன் உன் பேரில் இல்லை?" என்று அக்காவைக் கோபமாகவே கேட்டேன். அவள் சிரித்தாள். "வீடு என் பேர்லதான் இருந்திச்சி. அப்ப மட்டும் நான் அடுப்படிய விட்டு வெளிய வந்தனா?" அது பதிலல்ல என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் திருப்பிச் சொல்ல எனக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டில் அத்தானிடம் கேட்டேன். "ராத்திரி நடுக்கடல்ல நீங்க தண்ணில விழுந்துட்டா, படகைத் திருப்பறது யாரு?"

"விழமாட்டேன்" என்றார். அக்கா தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள்.

அவளிடம் ஆன் டேவிசன் எழுதிய புத்தகம் ஒன்று இருந்தது. அவரும் கணவர் பிராங்கும் பழைய படகு ஒன்றை வாங்கித் தூரதேசம் போகச் செப்பனிட்டவர்கள். கடன் ஏறியது. கடன்காரர்களுக்குத் தப்பி, வேலை முடியாமலேயே 1949இல் கிளம்பினார்கள். இங்கிலாந்தின் போர்ட்லண்ட் முனையில் படகு உடைந்தது. பிராங்க் இறந்தார், ஆன் பிழைத்தார். 1952இல் 23 அடிப் படகில் பிளிமத்திலிருந்து தனியே புறப்பட்டு, 1953 ஜனவரியில் டொமினிக்காவில் கரையேறினார். அட்லாண்டிக்கைத் தனியே கடந்த முதல் பெண். எல்லோரும் அந்த இரண்டாவது பயணத்தைத்தான் பேசுகிறார்கள். அக்கா திரும்பத் திரும்பப் பேசியது முதல் படகைப் பற்றி.

நான் புதுச்சேரி ரூபாவைப் பற்றிச் சொன்னேன். கடற்படை அதிகாரிகளான ரூபாவும் தில்னாவும் 'தாரிணி' என்ற 56 அடிப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29இல் திரும்பியவர்கள். அதற்கு முன் மூன்று வருடப் பயிற்சி. ஒருத்தி தூங்கினால் மற்றவள்தான் எல்லாம். அங்கே வேலைக்கு நிறம் பூச ஆளில்லை.

"எனக்கும் மூணாவது வருஷம்" என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. வியாழக்கிழமைகளில் பாய் தைக்கப் பழகுவதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். கடைசித் துறையில் ஒரு வயதான பெண் தன் படகில் தனியே வசிக்கிறார். எஞ்சினைக் கிளப்புவது, காற்றுக்கு எதிரே படகை நிறுத்துவது, விழுந்தவரை நோக்கித் திரும்பிவருவது எல்லாம் அவரிடம் பழகியாயிற்று. தையலைத் தவிர எல்லாம். திருட்டுத்தனமாகக் கற்க வேண்டியிருந்ததே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளுக்கு வரவில்லை, அல்லது என்னிடம் காட்டவில்லை.

நான் கிளம்பும் நாள் காலை, டீசல் நிரப்பப் படகை எதிர்த்துறைக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. அத்தான் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தார். அக்கா வழக்கம்போல முன்முனைக்குப் போகாமல் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் எடுக்கறேன்."

"காத்து அடிக்குது."

"அடிக்கட்டும்."

அத்தான் என்னைப் பார்த்தார். படகின் பக்கவாட்டில் உரசல் படாமல் தொங்கவிடும் ரப்பர் உருளையைக் கட்டிப்பிடித்தபடி நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் முன்முனைக்குப் போனார். அக்கா படகை மெல்லப் பின்னுக்கு எடுத்து, திருப்பி, எதிர்த்துறையை ஒட்டிக் கொண்டுவந்தாள். ஒரு தூணை லேசாக உரசினாள். பெரிதாக ஒன்றுமில்லை. துறையில் நின்ற பையன் கயிற்றுக்காகக் கை நீட்டினான். அத்தான் எறிந்தார், கயிறு தண்ணீரில் விழுந்தது. இழுத்து மறுபடி எறிந்தார், மறுபடியும் தண்ணீர். மூன்று வருடமாக அந்தக் கயிற்றை எறிந்தவள் அக்கா.

"பாதியச் சுருட்டி எடது கையில வச்சிக்கிட்டு எறிங்க" என்று பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.