கப்பல் ஏறும் படிக்கட்டு

மலையைக் குடைந்து கடலைக் கொண்டுவருவதா, கப்பலை மலைமேல் ஏற்றுவதா? பனாமாவில் இரு பெருங்கடல்களை இணைக்க முனைந்தோர் முன் நின்ற வினா இதுவே. சூயஸ் கால்வாயை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் லெசப்ஸ், 1881-இல் முதல் வழியையே தேர்ந்தார். மண்சரிவும், மஞ்சள் காய்ச்சலும், சாக்ரெஸ் ஆற்றின் வெள்ளமும், கரைந்துபோன பணமும் சேர்ந்து 1889-இல் அம்முயற்சியை முடக்கின. பின்னர் வந்த அமெரிக்கர் 1906-இல் இரண்டாம் வழியை ஏற்றனர்.

பகையாய் நின்ற ஆற்றையே அவர்கள் பாதையாக்கினர். காட்டூன் என்னுமிடத்தில் அணையிட்டு ஆற்றை மறிக்க, கடல் மட்டத்திற்கு 26 மீட்டர் உயரத்தில் பெரும் ஏரியொன்று உருவாயிற்று. அவ்வுயரத்திற்குக் கப்பல் ஏற மூன்று படிகள். ஒவ்வொரு படியும் 305 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தொட்டி. 1914-இல் கால்வாய் திறக்கப்பட்டது.

இதைக் கேட்ட என் மாணவர் ஒருவர், "அவ்வளவு பெரிய கப்பலை எந்த இயந்திரம் தூக்குகிறது, ஹஜ்ரத்?" என்றார். பள்ளிவாசல் ஹவுளில் நீர் ஏற ஏற, மிதக்கும் சருகும் உயர்வதைக் காட்டினேன். அங்கும் அதுவே நிகழ்கிறது. ஏரிநீர் தானாகவே இறங்கித் தொட்டியை நிரப்புகிறது, பம்புக்கு வேலையில்லை. இரட்டைக் கதவுகள் மேல்மட்ட நீரை நோக்கிக் கூம்பிச் சேர்வதால், நீர் அழுத்த அழுத்த அவை இன்னும் இறுகுகின்றன.

ஆயினும், இந்த ஏற்றத்திற்கு விலையுண்டு. ஒரு கப்பல் கடந்து செல்ல ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலக்கிறது. பனாமா மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடிப்பதும் கால்வாய்க்குரிய ஏரிகளின் நீரையே. 2016-இல் திறக்கப்பட்ட பெரிய தொட்டிகளில், பக்கக் குளங்களின் உதவியால் 60 விழுக்காடு நீரைத் திரும்பப் பயன்படுத்துகின்றனர். அப்படியிருந்தும் 2023-இல் மழை பொய்த்தபோது, நாளொன்றுக்கு 36 கப்பல்கள் வரை சென்ற வழியில், 2024 தொடக்கத்தில் 24 கப்பல்களே அனுமதிக்கப்பட்டன.

இப்பற்றாக்குறையைப் போக்க, இந்தியோ ஆற்றின் குறுக்கே மற்றோர் அணை கட்டத் திட்டமிட்டுள்ளனர். அது நிறைவேறினால் சுமார் 2,000 பேர் வீட்டையும் விளைநிலத்தையும் விட்டுப் பெயர வேண்டியிருக்கும். காட்டூன் ஏரி நிரம்பியபோதும் ஊர்கள் மூழ்கின.

வாசகர்களே, பொறியாளரின் கணக்கேட்டில் நீரின் அளவு துல்லியமாக இருக்கிறது. பெயர்ந்து செல்வோரின் இழப்பும் அதே துல்லியத்துடன் அவ்வேட்டில் ஏற வேண்டும். அணையின் உயரத்தை முடிவு செய்யுமுன் அவர்களுக்கு மாற்று நிலமும் வாழ்வும் உறுதி செய்யப்படுவதே நீதி. கப்பல்கள் சில நாள் காத்திருக்கலாம். குடிநீரும் குடியிருப்பும் அப்படிக் காத்திருக்க இயலாது.