தலைக்கு அளவெடுத்தல்

கட்டாரிலிருந்து மைத்துனர் அனுப்பிய பெட்டியைப் பிரித்தபோது வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். உள்ளே முகம் முழுவதையும் அடைக்கும் ஒரு தலைக்கவசம். மோட்டார் சைக்கிளுக்கானதைப் போலத் தோன்றினாலும் முன்னால் கண்ணாடி இல்லை. நெற்றிக்கு மேலே தாழ்வாரம்போல் ஒரு நீட்டம், நாடியைச் சுற்றி ஒரு வளையம், எங்கு பார்த்தாலும் காற்றுத் துளைகள். மலைச் சைக்கிள் ஓடுபவர்களுக்காகச் செய்தது. என் கடைசி மகன் சனிக்கிழமைகளில் ஹந்தானைத் தேயிலைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறி, கானும் கல்லுமான ஒற்றையடிப் பாதைகளில் கண்மூடித்தனமாக இறங்குகிறவன்.

"கொஞ்சம் பெரிசா எடுக்கச் சொன்ன நான்தான். வளர்ற புள்ளதானே" என்றாள் மனைவி. பெருநாள் சட்டையை ஓர் அளவு கூட்டித் தைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பதினேழு வயதுப் பிள்ளையின் தலை இனி எவ்வளவு வளரப்போகிறது?

அந்த நாடி வளையத்தைத் தொட்டதும் எனக்கு என் தாடை கூசியது. 2003ஆம் ஆண்டு, மழை விட்ட ஓர் அந்தியில் மாவனல்லையிலிருந்து திரும்பும்போது கடுகண்ணாவை வளைவொன்றில் என் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. அவசரம் என்னுடையது, வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. காதோடு முடிகின்ற திறந்த தலைக்கவசம் போட்டிருந்தேன். மண்டைக்கு ஒன்றுமில்லை. நாடிதான் வீதியில் அடிபட்டு, தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. பேராதனைப் பல் வைத்தியசாலையில் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கம்பியால் பிணைத்துவிட்டார்கள். ஆறு கிழமை. அதற்குள் றமழானும் வந்தது. டொக்டர் நோன்பு பிடிக்க விடவில்லை. ஆனாலும் மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் எல்லோரோடும் குந்தி, மனைவி துணியில் வடித்துத் தந்த கஞ்சியை ஸ்ட்ரோவால் உறிஞ்சினேன். ஒரு சோற்றுப் பருக்கை பல்லிடுக்கில் சிக்கினாலும் போதும், அழுகை வரும்.

அன்றிலிருந்து முழுமுகக் கவசம்தான். அதற்கும் சோதனை வந்தது. கொள்ளையர் முகத்தை மறைக்கிறார்கள் என்று 2015இல் பொலிஸார் அதைத் தடை செய்யப் புறப்பட்டார்கள். அந்த ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு நிறுத்தியது. பிறகு 2019 ஏப்ரல். உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பின், அடையாளம் காண முடியாதபடி முகத்தை முழுதாக மறைக்கக்கூடாது என்று அவசரகால ஒழுங்குவிதி வந்தது. முப்பது வருடம் முகம் மூடி நடந்த என் ராத்தா ஓகஸ்டில் அவசரகாலம் முடியும்வரை வாசற்படி தாண்டவில்லை. ஒருநாள் நான் கவசத்தை மாட்டிக்கொண்டு அவளிடம் விடைபெற்றபோது, "ஒங்களுக்கு மட்டும் மூடி ஈக்கி" என்றாள், சிரிக்காமல். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, காது மடிய மடியக் கவசத்தை இழுத்தெடுத்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவேன். அவளுடைய வார்த்தைக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மகனின் கதைக்கு வருகிறேன். பெரிய கவசத்தை மாற்றி எடுக்கச் சோம்பல்பட்டு, பழைய மெத்தை இஸ்பொஞ்சை வெட்டி உள்ளே அடைத்துக் கொடுத்தேன். முதல் சனிக்கிழமையே கல்லில் குலுங்கிய குலுக்கலில் அந்த நீட்டம் கீழிறங்கிக் கண்ணை மறைத்துவிட்டது. தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தானாம். முழங்கை உரசியதோடு அல்லாஹ் காப்பாற்றினான்.

அன்றிரவுதான் ஒழுங்காகப் படித்தேன். கவசத்தின் உள்ளே வெள்ளையாக இருக்கும் கெட்டி நுரை, அடி விழும்போது தான் நசுங்கி அந்த வேகத்தை விழுங்குவதற்காக இருக்கிறது. ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும் கவசத்தை மாற்றவேண்டும். தலைக்கும் அதற்கும் இடையில் வெளி விட்டால் தலை உள்ளேயே ஓடிப்போய் மோதும். மெத்தை இஸ்பொஞ்சு ஒரு தடையுமில்லை. 17 வருடம் மோட்டார் சைக்கிளில் தலையைக் காத்தவன் என்று பீற்றிக்கொண்ட எனக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாயிருந்தது.

ஆகவே தையல் நாடாவை எடுத்தேன். புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி: 57 சென்ரிமீற்றர். பெட்டியில் 60க்கு மேல் போட்டிருந்தது. மைத்துனர் பொறுமைசாலி, சிறியது ஒன்றை அடுத்து வந்தவரிடம் கொடுத்தனுப்பினார்.

அதைப் போட்டதும் மகன் முறைப்பட்டான். "கன்னத்த அமத்துது வாப்பா. பேசினா கடிபடுது." அப்படித்தான் இருக்கவேண்டும் என்றேன். கன்ன மெத்தை சில கிழமையில் படிந்துவிடும்; புதிதிலேயே சுகமாக இருந்தால் பிறகு ஆடும். ஆனால் நெற்றியில் ஒரே இடத்தில் குத்தினால் பொறுக்கக்கூடாது. அது தலையின் வடிவத்துக்குப் பொருந்தாத கவசம். சிலர் தலை உருண்டை, சிலர் தலை நீளம். அரை மணி நேரம் அதோடேயே வீட்டில் உலாத்தச் சொன்னேன். நெற்றியில் சிவந்த கோடு ஒன்று விழுந்தது. பிறகு பார்த்தால், ஜும்ஆவுக்குப் போட்ட தொப்பியை உள்ளேயே வைத்திருந்தான். அதன் தையல் விளிம்பின் வேலை! எனக்கும் பல வருடம் இந்தத் தலையிடி இருந்தது; மூக்குக்கண்ணாடியைத்தான் சந்தேகித்தேன். தாடி வைத்தவர்கள் நாடிப் பட்டியை மாட்டும்போது மயிரை விலக்கிக்கொள்ளவும், அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னுமொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். காற்றோட்டமாக இருக்கிறதென்று இதைப் போட்டுக்கொண்டு என் மோட்டார் சைக்கிளை எடுக்கக்கூடாது. இது சைக்கிள் விழுகைக்காகப் பாரம் குறைத்துச் செய்தது, வீதிக்கு வேறு.

ஹந்தானை ஏற்றத்தில் அவன் அதை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போகிறான். அந்தப் புழுக்கத்தில் போட்டபடி ஏற முடியாது. உச்சியில் நின்றுதான் மாட்டவேண்டும்.

சனிக்கிழமை காலை கேற்றடியில் அவன் மனைவியின் முன்னால் தலையைக் குனிந்து நிற்பான். அவள் நாடி வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டுவாள். கவசத்தோடு கன்னத் தோலும் சேர்ந்து அசைகிறதா என்று பார்ப்பாள். பின்னாலிருந்து மேலே தூக்கிக் கழருகிறதா என்றும் பார்ப்பாள். பட்டிக்குள் இரண்டு விரலை நுழைப்பாள்.

"சரி மகன். போய்ட்டு வாங்க."