கேட்கும் காதுகள்

உன்னஸ்கிரியவில் மகியங்கனை வீதியை விட்டு மீமுரைப் பாதையில் ஜீப்பைத் திருப்பினால், கைத்தொலைபேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய்க் குறையத் தொடங்கும். லூல்வத்தை தாண்டி, கோபெட்ஸ் கேப் ஏறி மறுபுறம் இறங்கும்போது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எதிரே ஒரு வான் வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் போய் இடம் விட வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால், பின்னால் வருகிறவருக்குச் சொல்லக்கூட வழியிருக்காது. இப்படிப்பட்ட பாதைகள்தான் என்னை ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலித் தொடர்பின் பக்கம் இழுத்துவந்தன.

மலைப்பாதை ஓட்டும் நண்பர்கள் இதைப் பற்றிப் பேச வந்தால் முதலில் கேட்பது, “எந்த செட் வாங்கலாம்?” என்பதுதான். செட்டுக்கு முன்னால் உரிமம் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பரீட்சை வைத்து அதை வழங்குகிறது. மின்னியலின் அடிப்படை, அலைகளின் போக்கு, விதிமுறைகள் மூன்றையும் படிக்க வேண்டும். தேறியவருக்கு 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். உலகில் எவர் அதைக் கேட்டாலும் பேசுவது இலங்கை என்று அறிந்துகொள்வார். போர்க்காலத்தில் ஒரு தமிழ் வீட்டில் வோக்கி டோக்கி இருப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. அந்த அச்சத்தில் வளர்ந்த என் தலைமுறைக்கு, சட்டப்படி சொந்தக் குறியைச் சொல்லி ஒலிவாங்கியில் பேசுவது பெரிய காரியம். ஆகவே குறுக்கு வழியில் செட் வாங்கிப் பேசலாம் என்று யார் சொன்னாலும் நான் உடன்படுவதில்லை.

எனக்கு வழிகாட்டியவர் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் ஒரு பெரியவர். அவர் வீட்டுப் பின்புறத்தில் பலாமரத்திலிருந்து கூரை வரை செப்புக் கம்பி ஓடுகிறது. நடுவில் கேபிள் இணைப்பு, இரு பக்கமும் பத்துப் பத்து மீற்றர். நாற்பது மீற்றர் அலைவரிசைக்கு அந்த நீளம்தான் கணக்கு. “தம்பி, முதல்ல கேட்டுப் பழகுங்க. பேச்சு தானா வரும்” என்று சொல்லி ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டார். இரைச்சலுக்கு நடுவே குரல்கள் வந்தன. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே தொடரவில்லை, சற்று இடைவெளி விட்டார். அவசரச் செய்தியோடு யாராவது காத்திருந்தால் நுழைய அந்த இடைவெளிதான் வாசல் என்று பெரியவர் விளக்கினார். இந்தக் கலையின் பண்பு முழுவதும் அந்த இடைவெளிக்குள் இருப்பதாக எனக்குப் பட்டது.

கண்டியைச் சுற்றி ஓட்டுகிறவர் அடுத்ததாக மலையைப் படிக்க வேண்டும். ஜீப்பில் பூட்டும் செட்டுகள் பெரும்பாலும் 144 மெகாஹேர்ட்ஸ் பக்கத்து இரண்டு மீற்றர் அலைவரிசையில் வேலை செய்பவை. கூரையில் அரை மீற்றர் ஏரியல் போதும். ஆனால் இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ஹந்தானை உச்சியில் நின்றால் வெகுதூரம் எட்டும் அதே செட், மீமுரைப் பள்ளத்தில் நக்கிள்ஸ் மலைகளுக்குப் பின்னால் வாயடைத்துவிடும். எத்தனை வாட் கூட்டினாலும் பாறை வழிவிடாது. அதற்கு வேறு உபாயம் இருக்கிறது. நாற்பது மீற்றர் சிற்றலை வரிசையான 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் இறங்கி, கம்பியை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தாழ்வாகக் கட்டினால், அலை பெரும்பாலும் நேர் மேலே கிளம்பி அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும். தண்ணீர்க் குழாயை வானத்தை நோக்கிப் பிடித்தால் சுற்றிலும் நனைவதுபோல, நாலு பக்கமும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்குப் பரவி விழும். மலை அதற்குத் தடையே இல்லை. பகலில் 7, இரவில் 3.5 மெகாஹேர்ட்ஸ் பொருந்தும். அதற்குரிய சிற்றலைச் செட்டும் ஒரு சுருள் கம்பியும் பன்னிரண்டு வோல்ட் பற்றரியும் ஜீப்பில் இருந்தால், பள்ளத்தாக்கின் அடியிலிருந்தும் கொழும்போடு பேசலாம்.

இதன் அருமையை இந்தப் பிராந்தியம் கண்ணால் கண்டிருக்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தொலைபேசிகளை அழித்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தின் தலைவராயிருந்த விக்டர் குணதிலக்கவும் அவரது தோழர்களும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கும் இடையே சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினார்கள். அதே நாட்களில் அந்தமானில், ஹாம் வானொலியில் உலகத்தாரோடு பேசுவதற்காக போர்ட் பிளேயர் போயிருந்த பாரதி பிரசாத், அந்தத் தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்கு எடுத்துச் சென்றார். இருவரும் அன்றைக்குப் புதிதாய் எதையும் கற்கவில்லை. பல்லாண்டு தினசரிப் பழக்கம் அன்று உயிர் காக்கும் வேலையானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மலைகள் சரிந்தன, பாதைகள் மூடின, மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அற்றுப்போயின. பக்கத்துத் தோட்டத்தில் உறவுகள் உயிரோடிருக்கிறார்களா என்று அறியமுடியாமல் மக்கள் தவித்ததை நாங்கள் மறக்க முடியாது.

மலைப்பாதைக்கு வானொலி பழக வருகிறவர்கள் தங்கள் பாதுகாப்பை நினைத்து வருகிறார்கள். அது நியாயம்தான். ஆனால் என் செட் என்னைக் காப்பாற்ற, மலைக்கு அப்பால் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு ஆபத்து வரும்போது நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பேராதனையில் பொறியியல் பீடம் இருக்கிறது. தெல்தெனியவிலும் ஹந்தானையிலும் தோட்டங்களும் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. ஊர் ஊராய் ஜீப் ஓட்டுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிமம் பெற்ற ஒருவர், வாரத்தில் ஒரு மாலை குறித்த நேரத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் குரல் கொடுக்கும் பழக்கம்: இவ்வளவும் கைகூடினால், அடுத்த மழைக்கு இந்த மலைநாடு இன்றைவிடத் தயாராக இருக்கும். செட் வாங்கப் புறப்படும் நண்பர்களிடம் இப்போது நான் சொல்வது இதைத்தான்: பரீட்சைக்கு விண்ணப்பியுங்கள், கூடவே ஊரில் இன்னும் ஒருவரை அழைத்து வாருங்கள்.