ராணி எறும்பின் கைமுதல்

மழை விட்ட சாயங்காலம் பெரியகுளம் மாந்தோப்புப் பக்கம் ட்யூப்லைட்டைப் போட்டால் ஈசல் மொய்க்கும். அந்தக் கும்பலில் சிறகு முளைத்த எறும்பும் சில சமயம் இருக்கும். இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருந்தால் எறும்பு. ஈசல் என்பது கறையான்.

கட்டெறும்பு ராணி தரையிறங்கியதும் சிறகைத் தானே கழற்றிவிடும். அப்புறம்தான் குழப்பம்! தலை பெருத்த வேலைக்கார எறும்பை ராணி என்று பிடித்து வருபவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது தலையை அல்ல, முதுகை. ராணிக்கு அது தடித்திருக்கும். சிறகு இருந்த தழும்பும் தெரியும்.

பிடித்தவுடன் சர்க்கரை வைப்பார்கள். வேண்டவே வேண்டாம், பூஞ்சைதான் பிடிக்கும். இனிப் பறக்கப் போவதில்லை அல்லவா, சிறகுத் தசையைக் கரைத்தே முதல் ஈட்டுப் புழுக்களுக்கு ஊட்டிவிடும் இந்த ராணி. வங்கிக் கடன் கிடையாது, கைமுதல் அவ்வளவுதான். (பி.காம். பாஷையில் சொந்த மூலதனம்.) அதனால்தான் முதல் பிள்ளைகள் பொடிப்பொடியாக இருக்கும்.

சோதனைக்குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, ராணி, வாயில் இன்னொரு பஞ்சு, பிறகு இருட்டு. ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். பொறுக்காமல் தினமும் எடுத்துப் பார்த்தால் மிரண்டுபோய்த் தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். பிள்ளைகள் நடமாட ஆரம்பித்த பிறகு ஒரு சொட்டுத் தேன், செத்த கொசு ஒன்று.