நாங்கள் ஏன் தோற்றோம்?

அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது டிரம் கோர் போட்டி ஒன்றை டிவியில் பார்த்தேன். கலிபோர்னியாவின் ப்ளூ டெவில்ஸ் குழு 1976 தொடங்கி இருபது தடவைக்கு மேல் முதலிடமாம். எப்படி என்றேன். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத் தரையில் படுத்து, நாளெல்லாம் சேர்ந்தே பயிற்சி என்றான்.

எனக்கு எங்கள் புதுப்பட்டினம் பறைக்குழு ஞாபகம் வந்துவிட்டது. எட்டுப் பேர். பெரியப்பாதான் ஆசான். தீயில் பறையைக் காய்ச்சும்போதே எந்தத் தோல் இறங்கியிருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். தனித்தனியாக எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் கல்பாக்கம் பக்கம் வேலை கிடைத்ததும் ஆளுக்கொரு ஷிப்ட். எட்டுப் பேர் குச்சியும் ஒன்றாய் விழ, எட்டுப் பேரும் ஒன்றாய் நிற்க வேண்டாமா? பொங்கல் போட்டியில் இரண்டு வருஷம் தோற்றோம். ஜெயித்த பையன்கள் ஒரே செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். தினமும் சாயங்காலம் சேர்ந்து அடித்தவர்கள்.

மூன்றாம் வருஷம் எனக்கு நைட் ஷிப்ட். மாற்றிக் கேட்டிருக்கலாம். எதற்கு என்று கேட்பார்களே, பறை அடிக்கப் போகிறேன் என்று சொல்லக் கூச்சம். கேட்கவில்லை. என் இடத்தில் பெரியப்பாவே நின்று அடித்தாராம், அந்த வயசில். அப்போதும் தோல்விதான். மறுநாள் காலை வீட்டுக்கு வந்தேன். "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.