பாடாத பெட்டிக்கும் பணமா?

ராத்திரி பதினொன்றரை மணிக்குப் போன் அடித்தால் எந்தத் தாய்க்குத்தான் வயிற்றில் புளியைக் கரைக்காது? அதுவும் பெண் கடல் கடந்து இருக்கும்போது!

போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். எங்கள் ஊர் திருத்தணியில் அந்தச் சமயம் கேட்கவே வேண்டாம். தெருவெல்லாம் காவடி, ஒலிபெருக்கி, ஆந்திராவிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் கூட்டம். வீட்டில் உறவுக்காரர்கள் ஒன்பது பேர் வந்து படுத்திருந்தார்கள். இட்லிக்கு மாவு அரைத்து வைத்துவிட்டு அப்போதுதான் கண்ணை மூடினேன். போன் அடித்தது.

"அம்மா..." என்றாள் என் மூத்த பெண். அப்புறம் அழுகைதான்.

அவள் ஜெர்மனியில் மேல்படிப்புப் படிக்கிறாள். முந்தின வருஷம் புரட்டாசியில் போனவள். மூன்று பெண்களாகச் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருக்கிறார்கள். உடம்பு சரியில்லையா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று நான் பதறப் பதற, விஷயம் கடைசியில்தான் வந்தது. டி.வி. வரி கட்டவில்லை என்று நோட்டீஸ் வந்திருக்கிறதாம். ஒன்பது மாதப் பாக்கி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து 173 யூரோ சொச்சம். நம் பணத்தில் பதினாறாயிரம், பதினேழாயிரம் வருமே! கட்டாவிட்டால் மேல்நடவடிக்கை என்றும் போட்டிருக்கிறதாம்.

"உன் ரூம்லதான் டி.வி.யே கெடையாதே? எதுக்குடி கட்டணும்?" என்றேன்.

"அதான்மா நானும் நெனச்சேன். லண்டன் அக்காகிட்ட கேட்டேன். டி.வி. இல்லேன்னா லைசென்ஸ் வேணாம், லெட்டரைத் தூக்கிக் குப்பையில போடுன்னு சொன்னா. போட்டுட்டேன்..."

லண்டன் அக்கா என்பவள் என் நாத்தனார் மகள். ஈஸ்ட் ஹாமில் குடித்தனம். அவள் சொன்னது அவள் நாட்டுக்குச் சரி. அதை இவள் தன் நாட்டுக்கு எடுத்துக்கொண்டாள். ஒரே கடிதம் இல்லை, நாலு கடிதம் வந்து நாலும் குப்பைக்குப் போயிருக்கிறது. இவளுக்கு ஜெர்மன் பாஷை அரைகுறை வேறு.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. போலீஸ் வருமோ, விசாவுக்குப் பங்கம் வந்துவிடுமோ, படிப்புக்கு வாங்கின கடன் என்ன ஆவது என்று மனசு எங்கெங்கோ ஓடியது. காலையில் எழுந்தால் தலை கிறுகிறு என்கிறது. ஏற்கெனவே எனக்குப் பிரஷர் மாத்திரை உண்டு.

காலையில் காபி கொடுக்கும்போது மாமியாரிடம் சொன்னேன். எழுபத்தெட்டு வயசு. நகரியிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தவர். பேச்சில் பாதி தெலுங்கு கலக்கும். அவர் ஒன்றும் பதறவில்லை. மெதுவாக எழுந்து போய், தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கற்பூர உருண்டை வாசனையோடு ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். பழுப்பேறிப் போன காகிதம். உள்ளே ஸ்டாம்பு ஸ்டாம்பாக ஒட்டி, தபால் ஆபீஸ் முத்திரை குத்தியிருந்தது.

"இது என்ன தெரியுதா? ரேடியோ லைசென்சு. உங்க மாமா வருசா வருசம் போஸ்டாபீசுல கட்டுனது."

எனக்குக் கேள்விப்பட்ட ஞாபகம் உண்டு. கண்ணால் பார்த்தது அன்றுதான். இன்றைய இளம் தாய்மார்களுக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் 1920-களில் நம் நாட்டில் ரேடியோவுக்கு லைசென்ஸ் வந்தது. கம்பியில்லாக் கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ல் தனிச் சட்டமும் போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. 1970-களில் ரேடியோவுக்கு வருஷத்துக்கு 15 ரூபாய், டி.வி.க்கு 50 ரூபாய். சோதனை போட ஆள் வருவார். புத்தகம் இல்லாவிட்டால் அபராதம். பெட்டியையே எடுத்துக்கொண்டு போகவும் அதிகாரம் இருந்தது. மதராஸில் டி.வி. நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பமானது. எங்கள் ஊர் அங்கிருந்து ஐம்பது மைலுக்கும் மேலே. மொட்டை மாடியில் பனைமர உயரத்துக்குக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினால், மழை பெய்கிற மாதிரி ஒரு படம் தெரியுமாம். தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அந்த வீட்டுக் கூடத்தில் ஊரே உட்காரும். லைசென்ஸ் ஒருவர் பேரில், பார்வை நாற்பது பேருக்கு!

1980-களின் நடுவில் ரேடியோ, டி.வி. இரண்டுக்குமே லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆகாசவாணிக்கும் தூர்தர்ஷனுக்கும் செலவு அரசாங்கப் பணத்திலிருந்தும் விளம்பரத்திலிருந்தும்தான்.

மாமியார் விட்ட இடத்திலிருந்து சொன்னார். ஒரு வருஷம் அவர்கள் வீட்டு ரேடியோ ரிப்பேராகிப் பரண்மேல் கிடந்ததாம். பாடாத ரேடியோவுக்கு எதற்குப் பணம் என்று மாமனார் அந்த வருஷம் கட்டவில்லை. சோதனைக்கு வந்தவர் கேட்டார். மாமனார் பரணைக் காட்டினார். வந்தவரோ, "பாடுதா பாடலையான்றது என் கவலை இல்ல. வெச்சிருக்கீங்களா இல்லையா, அதான் கேள்வி" என்றாராம். மறுநாளே ஓடிப்போய்க் கட்டிவிட்டு வந்தார் மாமனார். அப்புறம் ரேடியோவை ரிப்பேரும் பார்த்தாராம், கட்டின பணத்துக்காவது பாடட்டும் என்று.

"நாங்க சின்னப் பிள்ளைங்களா இருக்கறப்ப திருத்தணி ஆந்திராவுல இருந்துது. 1960-ல மெட்ராசுக்கு வந்துது. ஸ்டேட்டு மாறிச்சு, லைசென்சு மாறல. அது டில்லி சமாச்சாரம்" என்று ஒரு சிரிப்பு வேறு. எனக்குச் சிரிப்பா வரும்?

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "ஏம்மா, அங்க ஆளுக்கு ஒரு லைசென்சா, வீட்டுக்கு ஒரு லைசென்சா? எங்க காலத்துல மச்சாண்டார் குடும்பமும் நாங்களும் ஒரே வீடு. ஒரே ரேடியோ, ஒரே புஸ்தகம். அம்மாயி கூட இருக்கற அந்தப் பொண்ணுங்க கட்டறாங்களான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, என் பெண்ணும் அவர்களைக் கேட்கவில்லை.

என் சின்னப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த நாட்டு விதி என்ன என்று பார்க்கச் சொன்னேன். அவள் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கியது. டி.வி. இல்லாத வீடு கட்ட வேண்டுமா என்ற ஒரே கேள்விக்கு நாட்டுக்கு ஒரு பதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் டி.வி. லைசென்ஸ் 1946-லிருந்து இருக்கிறது. 2025 ஏப்ரலில் வருஷத்துக்கு 174.50 பவுண்டு ஆக்கினார்கள். அங்கே பார்த்தால்தான் கட்ட வேண்டும். பார்க்காத வீட்டுக்கு வேண்டாம். ஆனால் 'பார்ப்பது' என்றால் பெட்டியில் பார்ப்பது மட்டும் இல்லை. போனிலோ கம்ப்யூட்டரிலோ, ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் எந்தச் சேனலைப் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். வேறு நாட்டுச் சேனலாக இருந்தாலும் சரி. 2016 செப்டம்பரிலிருந்து பி.பி.சி.யின் இணைய சேவையில் பழைய நிகழ்ச்சியைப் பார்த்தாலும் வேண்டும். அபராதம் 1000 பவுண்டு வரை போகும். இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நாத்தனார் மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் தமிழ்ச் சேனலை நேரடியாகப் பார்க்கிறவள் ஆயிற்றே! ஊருக்கு உபதேசம் சொன்னவள் கதை இப்படி! அன்றே நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எம் பொண்ணுக்குத் தெரியாதா?" என்று கொஞ்சம் முகம் சுளித்துத்தான் பேசினாள். ஆனால் அடுத்த மாதமே அந்தப் பெண் லைசென்ஸ் எடுத்துவிட்டாள்.

ஜெர்மனி கதை வேறு. அங்கேயும் 2012 வரை பெட்டி இருந்தால்தான் பணம். வீடு வீடாகப் போய் விசாரிக்க ஆள் இருந்தார்கள், மாமியார் காலத்துத் திருத்தணி மாதிரியேதான். பிறகு, கம்ப்யூட்டரும் போனும் எல்லார் கையிலும் வந்துவிட்டபோது, யார் வீட்டில் பெட்டி இருக்கிறது என்று தேடுவதில் அர்த்தமில்லை என்று முறையையே மாற்றினார்கள். 2013 ஜனவரி 1 முதல் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். டி.வி. இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. 2021 ஆகஸ்டில் மாதம் 18.36 யூரோ ஆக்கினார்கள். பார்க்காதவன் ஏன் கட்ட வேண்டும் என்று வழக்கும் நடந்தது. 2018-ல் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், பார்க்க வசதி இருப்பதற்கே கட்டணம், அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரே ஆள் இரண்டு வீடு வைத்திருந்தால் இரண்டுக்கும் வாங்கக் கூடாது என்று மட்டும் திருத்தியது. அரசாங்க உதவித்தொகையில் வாழ்கிறவர்களுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த மாணவி என்பதற்காக மட்டும் விலக்கு இல்லை. நகராட்சியில் விலாசத்தைப் பதிவு செய்த உடனே அந்தத் தகவல் கட்டண ஆபீசுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் இவளுக்குக் கடிதம்.

நம் இலங்கைத் தமிழர்கள் நிறைய இருக்கும் சுவிட்சர்லாந்திலும் 2019 முதல் வீட்டுக்கு இவ்வளவு என்றுதான். 2021-ல் வருஷத்துக்கு 335 பிராங்க் ஆக்கினார்கள். அதற்கு முன்னால் 2018-ல், இந்தக் கட்டணமே வேண்டாமா என்று ஜனங்களிடமே ஓட்டு எடுத்தார்கள். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பேர் இருக்கட்டும் என்று ஓட்டுப் போட்டார்கள்! சிங்கப்பூரில் வருஷம் 110 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்து, 2011-ல் எடுத்துவிட்டார்கள்.

நல்ல செய்தி கடைசியில் வந்தது. ஜெர்மனியில் கட்டணம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்குத்தான். எத்தனை பேர் சேர்ந்து இருந்தாலும் ஒருவர் கட்டினால் போதும். மாமியார் கேட்ட அதே கேள்வி!

உடனே பெண்ணுக்குப் போன் போட்டேன். "கூட இருக்கற பொண்ணுங்களைக் கேட்டியாடி?"

"எப்படிம்மா கேக்கறது? காசு கட்டாம ஏமாத்தறவன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

இதுதான் என்னைச் சுட்டது. பதினாறாயிரம் ரூபாய் போனாலும் போகட்டும். பத்து மாதமாக ஒரே சமையலறையில் சமைக்கிறார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். 'எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருக்கு, உங்களுக்கு வந்ததா?' என்று கேட்க இவளுக்கு வெட்கம். கடன் வாங்கிப் படிக்க வந்தவள், ஏழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். சின்ன வயசில், "நம்ம கஷ்டத்தை வெளியில சொல்லாதே" என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்தான். யாரைக் குறை சொல்ல?

"இப்பவே போய்க் கதவைத் தட்டு. நான் லைன்ல இருக்கேன்" என்றேன். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டுகிற சத்தம். ஏதோ ஜெர்மனும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. எனக்குப் புரியவில்லை. திடீரென்று மூன்று பெண்களின் சிரிப்பு! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த ஜெர்மன்காரப் பெண் வீடு எடுத்த நாளிலிருந்து மொத்த வீட்டுக்கும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாளாம். வாடகைக் கணக்கில் அதைப் போட மறந்துவிட்டாளாம். நோட்டீஸைப் பார்த்து, "இதை முதல் நாளே என்கிட்ட காட்டியிருக்கக் கூடாதா?" என்றாளாம். அவள் கட்டும் நம்பரையும், என் பெண் குடிவந்த தேதியையும் எழுதி அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. குடிவந்த நாளிலிருந்தே இவள் பேரில் கணக்கு ரத்து, பாக்கி ஒன்றும் இல்லை.

அந்த மூன்று வாரமும் நான் தினம் மலைக்கோயில் பார்த்துத்தான் கும்பிட்டேன். பதில் வந்த அன்று 365 படியும் ஏறினேன். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன், டாக்டர் என்னைப் படி ஏறக்கூடாது என்று சொல்லியிருப்பதை முருகன் மன்னிப்பான்.

இதோடு ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு இவ்வளவு புத்தி சொன்ன என் வீட்டில், டி.வி. கெட்டுப்போய் அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. எல்லாரும் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் கேபிள்காரப் பையன் மாதம் பிறந்தால் வந்து நிற்பான், நானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்! மாமியார்தான் கண்டுபிடித்தார். "உங்க மாமாவாவது பரண்மேல இருந்த ரேடியோவுக்கு ஒரு வருசம் கட்டுனாரு..." என்று ஆரம்பித்தார். அடுத்த தடவை பையன் வந்தபோது, டி.வி. ரிப்பேராகும் வரை கனெக்‌ஷனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான் அவனும்.

என் கணவர் இன்னொன்று சொன்னார். "நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லேன்னு சந்தோஷப்படாதே. நீ வாங்கற சோப்புலயும் பற்பசையிலயும் விளம்பரச் செலவு இருக்கு. டி.வி. இல்லாத வீடும் அதைக் கட்டத்தான் கட்டுது." அதுவும் வாஸ்தவம்தான். ரசீது கொடுக்காததால் நமக்குத் தெரிவதில்லை.

வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் சகோதரிகள், ஊறுகாய் பாட்டிலை மூட்டை கட்டும்போதே இதையும் சொல்லி அனுப்புங்கள்: புரியாத பாஷையில் கடிதம் வந்தால் குப்பைக்குப் போவதற்கு முன்னால் பக்கத்து அறைக்குப் போகட்டும்.

இப்போது என் பெண் மாதா மாதம் அந்த ஜெர்மன்காரப் பெண்ணிடம் தன் பங்கு 6 யூரோ 12 சென்ட் கொடுத்துவிடுகிறாள். விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தாளாம், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பதிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் சாம்பார் வைத்துப் போட்டாளாம். பருப்பு வேகவில்லை என்று எனக்குப் போன் வந்தது. மத்தியானம்தான், ராத்திரி இல்லை.